உதைபந்தாட்டப் புத்தகம் வாசிக்கும்போது நாம் விடுகிற பிழைகள்

செப்டெம்பரில் பண்டாரநாயக்க ஞாபகார்த்த மண்டபத்தில் சர்வதேசப் புத்தகக் கண்காட்சி தொடங்கிவிட்டால், விளையாட்டுப் புத்தகங்கள் இருக்கும் மேசையைச் சுற்றிப் பாடசாலைப் பெடியன்கள் நிற்பார்கள். கை முதலில் போவது அட்டையில் தெரிந்த முகம் இருக்கிற புத்தகத்துக்குத்தான். ஆசை நியாயமானது. ஆனால் அந்த முகம் எந்த வயதில் அந்தப் புத்தகத்தைத் தந்தது என்று யாரும் பார்ப்பதில்லை. முதலாவது பிழை அங்கேயே நடந்துவிடுகிறது.

இன்னும் ஆடிக்கொண்டிருக்கிற வீரர் மனம்விட்டு எழுத முடியாது. நாளைக்கும் அதே பயிற்றுவிப்பாளரின் முகத்தில்தான் அவர் விழிக்க வேண்டும். மனம்விட்டுச் சொன்னால் வழக்கு வரும். இங்கிலாந்து வீரர் வெய்ன் ரூனியின் முதல் சுயசரிதை 2006இல் வந்தபோது அவருக்கு வயது 20. எவர்டன் கழகத்தை விட்டுப் போனதைப் பற்றி அதில் இருந்த பகுதிக்காக, பழைய பயிற்றுவிப்பாளர் டேவிட் மோய்ஸ் வழக்குப் போட்டார். 2008இல் ரூனி மன்னிப்புக் கேட்டு விடயத்தை முடித்தார். ஆட்டத்தை விட்டு விலகி சில வருடங்கள் கழித்து எழுதியவர்களின் புத்தகத்தைத் தேடுங்கள். விலையும் பெரும்பாலும் குறைவாகவே இருக்கும்.

இரண்டாவது பிழைதான் எல்லாவற்றிலும் பெரியது: புத்தகத்தில் இருக்கிற ஒவ்வொரு வரியையும் வீரரின் வாயிலிருந்து வந்த வார்த்தையாக எடுத்துக்கொள்வது. பெரும்பாலான சுயசரிதைகளில் பேனா பிடிப்பவர் வேறொருவர். ஸ்லாட்டன் இப்ராஹிமோவிச்சின் புகழ்பெற்ற சுயசரிதையை எழுதிய டேவிட் லாகர்கிரான்ட்ஸ், ஸ்லாட்டன் சொன்னதை அப்படியே எழுதாமல் தன் எழுத்தில்தான் அவரது குரலை உருவாக்கியதாகப் பின்னாளில் வெளிப்படையாகவே சொன்னார். நம்முடைய பெடியன்கள் முகநூலில் பகிர்கிற ஸ்லாட்டன் வசனங்களை இதை மனதில் வைத்துக்கொண்டு வாசியுங்கள்.

ரோய் கீன் விடயத்தைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். 2001 ஏப்ரலில் மென்செஸ்டர் யுனைட்டட், சிட்டி அணிகளின் ஆட்டத்தில் யுனைட்டட் வீரர் கீன், சிட்டியின் அல்ஃப் இங்கே ஹாலண்டின் முழங்காலில் உதைத்து வீழ்த்தி சிவப்பு அட்டை பெற்றார். 2002இல் வந்த சுயசரிதை அதைப் பழிவாங்கலாகவே எழுதியது. அந்தப் பக்கங்களை வைத்து இங்கிலாந்து உதைபந்தாட்டச் சங்கம் விசாரணை நடத்தி, 5 ஆட்டத் தடையும் 1,50,000 பவுண் அபராதமும் விதித்தது. விசாரணையில் சாட்சி சொன்ன இணை எழுத்தாளர் ஈமன் டன்ஃபி, அந்தப் பகுதியில் தன் சொற்களும் கலந்திருப்பதை ஒப்புக்கொண்டார். 2014இல் வந்த இரண்டாவது புத்தகத்தில் கீன், ஹாலண்டுக்கு வலிக்க வேண்டும் என்று நினைத்தது உண்மை, ஆனால் அவரைக் காயப்படுத்திப் படுக்க வைக்கும் எண்ணம் இருக்கவில்லை என்கிறார். முதல் புத்தகத்தை மட்டும் வாசித்தவர் ஒரு கீனைத் தெரிந்துகொள்கிறார்; இரண்டையும் வாசித்தவருக்கு இன்னொரு கீனும் தெரிகிறார்.

இன்று ஏர்லிங் ஹாலண்டை இரசிக்கிற இளைஞர்கள், அவருடைய தந்தை அல்ஃப் இங்கேயின் விளையாட்டு வாழ்க்கையை அந்த உதைதான் முடித்தது என்று அடித்துச் சொல்வார்கள். கீன் உதைத்தது வலது முழங்காலில். ஹாலண்டை நெடுநாள் வருத்தி ஆட்டத்தை விட்டு விலக வைத்த காயம் இடது முழங்காலில். அந்த ஆட்டத்தையும் அவர் முழுதாக ஆடி முடித்தார். கீன் செய்தது இதனால் நியாயமாகிவிடாது. ஆனாலும் ஒரு மனிதன்மீது சுமத்தும் பழி சரியான அளவில் இருக்க வேண்டும்.

யுனைட்டட்டில் கீனின் பயிற்றுவிப்பாளராக இருந்த அலெக்ஸ் ஃபேர்கசன் 2013இல் எழுதியதில் கீனைப் பற்றிக் கடுமையான பக்கங்கள் உண்டு. கீனின் 2014 புத்தகத்தில் அதற்குப் பதில் இருக்கிறது. ஒன்றை வாங்கினால் மற்றதையும் தேடிப் பிடியுங்கள். 2005இல் கீன் கழகத்தை விட்டுப் போன அந்த நாட்களை இரண்டு பக்கத்திலிருந்தும் பார்க்காமல் தீர்ப்புச் சொல்ல முடியாது.

நாவலை வரலாறாக வாசிப்பதும் அடிக்கடி நடக்கிறது. பயிற்றுவிப்பாளர் பிரையன் கிளஃப் 1974இல் லீட்ஸ் யுனைட்டட்டில் 44 நாட்கள் மட்டுமே இருந்ததை வைத்து டேவிட் பீஸ் 2006இல் எழுதியது நாவல். கிளஃபின் மனக்குரல் முழுதும் கற்பனை. அதில் பாத்திரமாக வந்த லீட்ஸ் வீரர் ஜொனி ஜைல்ஸ் சட்ட நடவடிக்கை எடுத்தார். பிறகு பதிப்பகம் சில பகுதிகளை நீக்கியது. எழுத்தாக அது வலுவான படைப்பு, தாராளமாக வாசிக்கலாம். கிளஃப் சொன்னதாக அதிலிருந்து மேற்கோள் மட்டும் காட்டாதீர்கள்.

மத்தியஸ்தர்களின் புத்தகங்களை நம்மில் அநேகர் தொடுவதே இல்லை. எனக்கு இது மிகவும் வருத்தம். ஆட்டத்தை உள்ளிருந்து விளங்கிக்கொள்ள இவற்றைவிடச் சிறந்தவை குறைவு. 2006 உலகக் கிண்ணத்தில் குரோஷியா, அவுஸ்திரேலியா ஆட்டத்தில் கிரஹாம் போல் என்ற மத்தியஸ்தர் ஒரே வீரருக்கு மூன்று மஞ்சள் அட்டை காட்டியதை எல்லோரும் சிரிப்பாகச் சொல்வார்கள். அது எப்படி நடந்தது? குரோஷியாவின் 3ஆம் இலக்க வீரர் ஷிமுனிச் அவுஸ்திரேலியாவில் பிறந்து வளர்ந்தவர், பேச்சும் அந்த நாட்டுப் பேச்சு. போல் தன் குறிப்பட்டையில் அவருக்குக் காட்டிய ஒரு அட்டையை அவுஸ்திரேலியாவின் 3ஆம் இலக்கத்துக்கு நேரே எழுதிவிட்டார். 2010 உலகக் கிண்ண இறுதி ஆட்டத்தில் நெதர்லாந்தின் டி யோங், ஸ்பெயினின் அலொன்சோவின் நெஞ்சில் உதைத்தபோது ஹாவர்ட் வெப் மஞ்சள் அட்டையோடு விட்டதற்கும் அப்படியொரு காரணம் உண்டு: இடையில் நின்ற வீரர்கள் அவருடைய பார்வையை மறைத்துவிட்டார்கள். தொலைக்காட்சியில் பத்துக் கோணத்தில் பார்த்த நமக்கு, புல்தரையில் ஒரே கோணத்தில் நின்ற மனிதனின் நிலை இந்தப் பக்கங்களில்தான் விளங்கும்.

பழைய ஆட்டங்களைப் பற்றி வாசிக்கும்போது அந்தக் காலத்து விதியையும் பக்கத்தில் வைத்திருங்கள். 1970 மெக்சிகோ உலகக் கிண்ணத்துக்கு முன் மஞ்சள் அட்டையும் இல்லை, சிவப்பும் இல்லை. சகவீரர் காலால் திருப்பித் தரும் பந்தைக் கோல் காப்பாளர் கையால் எடுக்கக்கூடாது என்ற விதி 1992இல்தான் வந்தது. இது தெரியாமல் 80களின் கழக வரலாற்றை வாசித்தால், முன்னிலையில் இருந்த அணி ஏன் அப்படி நேரத்தைக் கடத்தியது என்பது விளங்காது.

கொழும்பில் பாடசாலை அணிகளைப் பயிற்றுவிக்கிற இளைஞர்கள் பெரிய பயிற்றுவிப்பாளர்களின் புத்தகத்தை வாங்கி, கடைசி அத்தியாயங்களிலிருந்து பாடம் எடுக்கிறார்கள். கிரிக்கெட் அணியோடு மைதானத்தைப் பங்குபோட்டு, பின்னேரம் கொஞ்ச நேரம் மட்டும் பந்தைத் தொடுகிற பிள்ளைகளுக்கு 2008இன் மென்செஸ்டர் யுனைட்டட் எதற்கு? ஃபேர்கசன் 1974இல் ஈஸ்ட் ஸ்டேர்லிங்ஷயர் என்ற சிறு ஸ்கொட்லாந்துக் கழகத்தைப் பொறுப்பேற்றபோது அங்கே கோல் காப்பாளர்கூட இல்லை. 1986 நவம்பரில் மென்செஸ்டர் யுனைட்டட்டுக்குப் போனவர் அங்கே லீக் சம்பியன் பட்டத்தைத் தொட்டது 1993இல். தேவையான பாடம் அந்த முன்பக்கங்களில் இருக்கிறது.

மருதானைப் பக்கம் டி. ஆர். விஜேவர்தன மாவத்தையில் பழைய புத்தகம் வாங்குபவர்கள் நடுவில் இருக்கும் படப் பக்கங்களைப் புரட்டிப் பாருங்கள்; கிழித்தெடுத்திருந்தாலும் வெளியிலிருந்து தெரியாது. பதிப்பு விபரம் உள்ள பக்கத்தில் ஆண்டையும் பாருங்கள். பிந்திய பதிப்புகளில் சிலவேளை புது அத்தியாயமே சேர்ந்திருக்கும்.

நம் ஊர் உதைபந்தாட்டத்தைப் பற்றி வாசிக்க எதுவும் இல்லை என்று கைவிடுவது கடைசிப் பிழை. 1995இல் இங்கே கொழும்பில் நடந்த தெற்காசியக் கிண்ண இறுதியில் இலங்கை இந்தியாவை 1 - 0 என்று வென்றது. அது தெரியாமலே மூன்று ஐரோப்பியக் கழகங்களின் வரலாற்றை ஒப்புவிக்கிற பிள்ளைகள் நம் வீடுகளில் இருக்கிறார்கள். கடையில் புத்தகம் கிடைக்காவிட்டால் பழைய பத்திரிகைகள் இருக்கின்றன. வீரகேசரி 1930 முதலும் தினகரன் 1932 முதலும் வருகின்றன. தேசிய சுவடிகள் திணைக்களத்தில் பழைய பத்திரிகைகளைப் பேணி வைத்திருக்கிறார்கள். கொம்பனித்தெருவின் ஜாவா லேனுக்கோ, சோண்டர்ஸ், ரினோன் கழகங்களுக்கோ ஆடிய பெரியவர்கள் உங்கள் தெருவில் இருந்தால், அவர்கள் சொல்வதைத் தொலைபேசியில் பதிவுசெய்து, ஆட்டத்தின் ஆண்டையும் எதிரணியையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். பிறகு அந்த நாட்களின் பத்திரிகையை எடுத்து ஒப்பிட்டுப் பாருங்கள். கோல் போட்டவரின் பெயரிலிருந்து தொடங்கலாம்.