கனடாவில் கடன் முற்றினால்: வீட்டு வருமானத்தையும் கணக்கில் எடுங்கள்

கடனட்டைக் கடன் கட்ட முடியாத அளவுக்குப் போனால் கனடாவில் சட்டப்படி முக்கியமாக இரண்டு வழிகள் உண்டு. ஒன்று வங்குரோத்து. மற்றது, கடனில் ஒரு பகுதியை மட்டும் தவணையாகக் கட்டித் தீர்க்கும் 'கன்ஸ்யூமர் புரொபோசல்'.

குறைந்தது 1,000 டாலர் கடன் இருந்து, அதைக் கட்ட வழியில்லாதவர் வங்குரோத்துக்குப் போகலாம். சம்பளம் கூடுதலாக இருப்பது அதற்குத் தடையில்லை. ஆனால் எவ்வளவு கட்டுவது, எத்தனை மாதம் கட்டுவது என்பதைக் குடும்ப வருமானமே தீர்மானிக்கும். குடும்பத்தில் எத்தனை பேர் என்பதைப் பொறுத்து ஆண்டுதோறும் ஓர் எல்லை அறிவிக்கப்படுகிறது. வரி போன்றவை போக, கணவன் மனைவி இருவரின் வருமானமும் சேர்ந்து அந்த எல்லையை 200 டாலரோ அதற்கு மேலோ தாண்டினால், எல்லையைத் தாண்டிய தொகையில் பாதி கணக்கில் வரும். மாதம் 600 டாலர் தாண்டுகிறது என்று வையுங்கள், பாதி 300. வங்குரோத்தானவர் கணவர், வீட்டு வருமானத்தில் அவர் பங்கு 60 சதவீதம் என்றால் அவர் மாதம் 180 டாலர் கட்டவேண்டும். முதல் முறை வங்குரோத்தானவருக்கு 9 மாதத்தில் கிடைக்கக்கூடிய விடுவிப்பும் (கடன்களிலிருந்து சட்டப்படி விடுபடுவது) 21 மாதமாக நீளும்.

அந்த நீட்சிதான் நம்மவர்களைக் கடுமையாகப் பாதிக்கிறது. விடுவிப்புக் கிடைக்காத வங்குரோத்தாளர் மனைவியையோ பெற்றோரையோ ஸ்பொன்சர் செய்ய முடியாது. இதை அறியாமல் கையெழுத்திட்டுவிட்டு, ஊரில் காத்திருப்பவர்களுக்குப் பதில் சொல்ல முடியாமல் தவிப்பது பெரிய கொடுமை. புரொபோசலுக்கு இந்தத் தடை இல்லை. வீட்டு அடமானம் தவிர்த்த கடன் 250,000 டாலருக்குள் இருந்தால் அதற்கு விண்ணப்பிக்கலாம். அதிகபட்சம் 5 ஆண்டுகள். இடையில் சம்பளம் கூடினாலும் ஒப்புக்கொண்ட தவணை கூடாது. இருவரும் வேலை செய்யும் வீட்டில் முதலில் இதைத்தான் கேட்டுப் பார்க்கவேண்டும் என்பேன்.

இன்னொன்று: சீட்டுக் கடனையும் மச்சானிடம் வாங்கியதையும் மறைக்காதீர்கள். வங்குரோத்துக்கு முந்தைய 12 மாதங்களுக்குள் உறவினருக்கு மட்டும் திருப்பிக் கொடுத்த பணத்தை, மற்றக் கடன்காரர்களுக்காக அவரிடமிருந்து மீட்க வழக்குத் தொடரலாம்.

இரண்டு வழிகளையும் பதிவு செய்யும் அதிகாரம் இதற்கென அரச உரிமம் பெற்ற ட்ரஸ்டிக்கு (Licensed Insolvency Trustee) மட்டுமே உண்டு. இருவரின் சம்பளச் சீட்டுகளையும் எடுத்துக்கொண்டு நேரே அவரிடம் போங்கள். இடைத்தரகருக்குக் காசு கொடுக்கவேண்டாம்.