புரோட்டீன் பார் வாங்கும்போது நாம் செய்யும் தவறுகள்

தங்கச்சிமடத்தில் எங்கள் வீட்டுக்கு ஆறு மாதமாகப் புரோட்டீன் பார் வந்துகொண்டிருக்கிறது. தம்பி போலீஸ் உடல்தகுதித் தேர்வுக்குத் தயாராகிறான். விடியற்காலையில் கடற்கரை மணலில் ஓடிவிட்டு வந்து, முகம் கழுவும் முன்பே ஒரு பாரைப் பிரித்துவிடுவான். "ஒண்ணுல முப்பது கிராம் புரோட்டீன் இருக்குக்கா, அஞ்சு முட்டைக்குச் சமம்" என்று ஒருநாள் சொன்னான். உறையை வாங்கிப் பார்த்தேன். பின்பக்கத்தில் கடுகளவு எழுத்தில் ஓர் அட்டவணை. புரதத்துக்கு நேராக 30 கிராம் என்றுதான் இருந்தது. ஆனால் அந்த வரிசைக்கு மேலே "100 கிராமுக்கு" என்று போட்டிருந்தது. பாரின் எடையோ 40 கிராம். கணக்குப் போட்டால் ஒரு பாரில் 12 கிராம். அதாவது இரண்டு முட்டை.

முதல் தவறு இதுதான், பெரும்பாலானவர்கள் செய்வதும் இதுதான். எடையைப் பார்க்காமல் எண்ணை மட்டும் பார்ப்பது. நம் நாட்டில் சத்து விவரத்தைப் பெரும்பாலும் 100 கிராம் அளவுக்குத்தான் தருகிறார்கள். வெவ்வேறு எடையுள்ள பார்களை ஒப்பிட அது வசதி. நாம் தின்பது எவ்வளவு என்பதை நாம்தான் கணக்கிட வேண்டும்.

அடுத்தது, முன்பக்கத்தில் "ஹை புரோட்டீன்" என்று இருந்தால் போதும் என்று நினைப்பது. அந்தச் சொல்லுக்குச் சட்டத்தில் ஓர் அளவு இருக்கிறது. திடப் பொருளாக இருந்தால், ஒருநாள் புரதத் தேவையில் 20 சதவீதம் 100 கிராமில் இருந்தாலே அப்படிப் போட்டுக்கொள்ளலாம். ஒருநாள் தேவை 54 கிராம் என்று வைத்தால், 100 கிராமுக்கு 11 கிராம்கூட வேண்டாம். 40 கிராம் பாரில் அது நான்கரை கிராமுக்கும் குறைவு. நாம் தின்னும் கடலை மிட்டாயிலேயே அந்த அளவு கிடைத்துவிடும். ஆகவே அந்த வாசகம் பொய் இல்லை. ஆனால் அதை நம்பி அறுபது ரூபாய் கொடுப்பதற்கு முன் பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள்.

கலோரியைப் பார்க்காமல் விடுவது இன்னொன்று. ஒரு கிராம் புரதத்தில் 4 கலோரி, மாவுச்சத்திலும் 4, கொழுப்பில் 9. ஒரு பாரில் 200 கலோரி, புரதம் 10 கிராம் என்றால், புரதத்தால் வருவது 40 கலோரிதான். மீதி 160 பெரும்பாலும் இனிப்பும் கொழுப்பும். நான் வைத்திருக்கும் எளிய வழி: புரத கிராமை நான்கால் பெருக்கி, மொத்தக் கலோரியோடு வைத்துப் பார்ப்பேன். கால்வாசிகூட வரவில்லை என்றால் அதை மிட்டாய்க் கணக்கில்தான் சேர்ப்பேன். மேலே சாக்லேட் பூச்சு இருந்தால் நிறைவுற்ற கொழுப்பு எவ்வளவு என்றும் பார்க்க வேண்டும். விலை குறைந்த பூச்சுகளில் பனைவகை எண்ணெய்கள் சேர்ப்பது வழக்கம்.

இனிப்பு விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். எங்கள் அம்மாவுக்குச் சுகர் இருக்கிறது. "சர்க்கரை சேர்க்காதது" என்று எழுதியிருந்ததால் தம்பி ஒருநாள் அம்மாவுக்கும் ஒரு பார் கொடுத்தான். மூலப்பொருள் பட்டியலைப் படித்தால் முதலில் நிற்பது பேரீச்சம்பழக் கூழ். பட்டியலில் எடை அதிகமானதுதான் முன்னால் வரும். சீனி போடவில்லை என்பது உண்மை, ஆனால் பேரீச்சையின் சர்க்கரை முழுவதும் உள்ளே இருக்கிறது. குளுக்கோஸ் சிரப், டெக்ஸ்ட்ரோஸ், இன்வர்ட் சிரப், தேன், வெல்லம் எல்லாம் ஒரே குடும்பம். மாவுச்சத்திலிருந்து எடுக்கும் மால்டோடெக்ஸ்ட்ரின் சர்க்கரை என்ற தலைப்பில் வராது, ஆனாலும் ரத்தச் சர்க்கரையை வேகமாக ஏற்றும். சில பார்களில் இனிப்புக்கு மால்டிடால் என்ற மாற்று இனிப்பு இருக்கும். பட்டியலில் 965 என்ற எண்ணில் வருவது அதுதான். அது சர்க்கரையைவிடக் குறைவாக ஏற்றும், ஆனால் ஏற்றவே ஏற்றாது என்று இல்லை. அளவு மிஞ்சினால் வயிறு பொருமும், பேதியும் ஆகும். சிக்கரி வேரிலிருந்து எடுக்கும் இனுலின் நார்ச்சத்தும் சிலருக்கு வாயுவைக் கிளப்பும். தேர்வு அன்று காலையில் முதல்முறையாக ஒரு புதுப் பாரைத் தின்றுவிட்டு ஓடப் போகாதீர்கள் தம்பிகளே, அதற்கு முன்பே வீட்டில் தின்று பாருங்கள்.

கீழக்கரை, ஏர்வாடி பக்கம் துபாயிலிருந்து விடுமுறைக்கு வருபவர்களின் பெட்டியில் பார்கள் நிறைய வருகின்றன. அவற்றில் வேறொரு சிக்கல். ஐரோப்பிய லேபிளோடு வருபவற்றில் உப்பு என்று போடுவார்கள், நம்முடையதில் சோடியம். சோடியத்தை இரண்டரையால் பெருக்கினால்தான் உப்பு. ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுபவர்கள் இரண்டையும் ஒன்றாக எடுத்துக்கொள்ளக் கூடாது. விலங்குகளின் தோல், எலும்பிலிருந்து எடுக்கும் கொலாஜன், ஜெலட்டின் என்ற புரதங்கள் சேர்ந்தவையும் அந்தப் பெட்டிகளில் வரும். எந்த விலங்கிலிருந்து எடுத்தது என்று ஹலால் பார்ப்பவர்கள் கேட்பது நியாயம். அதற்கு மேல் ஒரு சத்துக் காரணமும் உண்டு. கொலாஜனில் டிரிப்டோபான் என்ற அத்தியாவசிய அமினோ அமிலம் கிடையாது. லேபிளில் 15 கிராம் என்று இருந்தாலும், அது முழுக்கக் கொலாஜனாக இருந்தால் தசைக்குப் பாலின் வே புரதமோ சோயாவோ தரும் அளவுக்குப் பலன் தராது. பட்டியலில் எந்தப் புரதம் முதலில் நிற்கிறது என்று பாருங்கள்.

சரி, அப்புறம் நமக்கு எவ்வளவுதான் வேண்டும்? இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2020 பரிந்துரை, உடல் எடையில் கிலோவுக்கு 0.83 கிராம். 65 கிலோ ஆணுக்கு 54 கிராம். கடுமையாகப் பயிற்சி செய்பவர்களுக்குக் கூடுதலாக வேண்டியிருக்கும். இதை எங்கள் வீட்டுச் சாப்பாட்டோடு வைத்துப் பார்த்தேன். நெத்திலியோ சூடையோ, சுத்தம் செய்த மீன் 100 கிராமில் 18 முதல் 20 கிராம் புரதம் வரும். மத்தியானம் குழம்பிலும் வறுவலிலும் சேர்த்து அந்த அளவு மீன் தம்பியின் தட்டில் விழத்தான் செய்கிறது. இரண்டு முட்டை, ஒரு டம்ளர் பால், பருப்பு என்று சேர்த்தால் பார் நிரப்ப வேண்டிய பள்ளம் அவ்வளவு பெரிதில்லை. எல்லாவற்றையும் தின்றுவிட்டு அதற்கு மேல் இரண்டு பாரும் தின்றால் எடைதான் ஏறும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் புரதத்தைக் கூட்டவே கூடாது.

பார் கெட்டது என்று நான் சொல்லவில்லை. மதுரைக்குப் பஸ்ஸில் போகும்போது, மத்தியானச் சோறு தவறிப்போகும் நாளில், நல்ல பார் ஒன்று பையில் இருப்பது உதவிதான். வீட்டில் செய்தது எல்லாம் நல்லது என்றும் இல்லை. கருப்பட்டி போட்டுப் பிடித்த கடலை உருண்டையை "இதில் சர்க்கரையே இல்லை" என்று அம்மாவுக்குக் கொடுப்பதும் அதே தவறுதான். கருப்பட்டியும் சர்க்கரைதான். கருவாட்டில் புரதம் ஏராளம் என்றாலும் உப்பும் ஏராளம், தினமும் ஆகாது.

ஏப்ரல் 15-இலிருந்து ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகு போகாது, மீன் விலை எகிறும். பார் தின்னும் பழக்கம் வீட்டில் கூடியதும் அப்போதுதான். இந்த வருடம் அந்த நாட்களில் ராத்திரியே ஒரு கிண்ணம் கொண்டைக்கடலையை ஊறப் போட்டுவிடுகிறேன். வெந்த கடலை 100 கிராமில் 8, 9 கிராம் புரதம் இருக்கும். தம்பி ஓடிவிட்டு வரும் நேரத்துக்கு அது தாளித்துத் தயாராக இருக்கும், கூடவே இரண்டு அவித்த முட்டை.