எவரெஸ்ட் அடிவார முகாமுக்குப் போகும் டெல்டாக்காரர்களுக்கு

தஞ்சாவூர், மன்னார்குடி பக்கம் ஏது மலை? கால் பழக, முதுகுப்பையோடு திருச்சி மலைக்கோட்டைப் படிகளில் ஏறி இறங்குங்கள். இறக்கம்தான் முட்டியைப் பதம் பார்க்கும், அதையும் பழகுங்கள். ஆனால் எத்தனை படி ஏறினாலும் உயரத்துக்கு உடம்பு இங்கே பழகாது. முகாம் இருப்பது 5,364 மீட்டரில். அங்கே கிடைக்கும் ஆக்சிஜன் நம் ஊரில் கிடைப்பதில் பாதிதான். அதனால் 3,000 மீட்டருக்கு மேல், இரவு தங்கும் இடத்தை ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல் உயர்த்தாதீர்கள். வழியில் வரும் நாம்சே பஜார் என்ற ஊரில் கூடுதலாக ஒரு நாள் தங்கினால் அது வீண் செலவே இல்லை. தலைவலியோடு குமட்டலும் வந்தால் மேலே ஏறாமல் நில்லுங்கள். நடை தள்ளாடினால் ராத்திரியானாலும் துணையோடு கீழே இறங்கிவிட வேண்டும். அப்புறம், முகாமிலிருந்து சிகரம் தெரியாது. பக்கத்திலிருக்கும் காலாபத்தர் மேட்டுக்கு ஒரு காலைப்பொழுதை ஒதுக்குங்கள், அங்கே அவ்வளவு அழகாகத் தெரியும்!