காய்ச்சலுக்குப் போட்ட லீவு எந்தக் கணக்கில் கழிகிறது?

கல்முனையில் துணிக்கடையிலோ மட்டக்களப்பில் லீசிங் கம்பனியிலோ வேலை செய்பவர் நாலு நாள் காய்ச்சலில் படுத்து எழும்பி வந்ததும் கேட்பது, "எனக்கு சிக் லீவு எத்தனை மிச்சம்?" என்றுதான். இலங்கையில் கடைகளுக்கும் தனியார் அலுவலகங்களுக்கும் பொருந்துவது 1954ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கக் கடை, அலுவலக ஊழியர் சட்டம். அதில் சுகயீனத்துக்கென்று தனி லீவு இல்லை. சொந்த அலுவல், சுகயீனம், வேறு நியாயமான காரணம் எல்லாவற்றுக்கும் சேர்த்து வருடத்துக்கு 7 நாள், முழுச் சம்பளத்தோடு. கேசுவல் லீவு என்று நாம் சொல்வது இதைத்தான். மாமாங்கத் தீர்த்தத்துக்குப் போட்ட ஒரு நாளும் மச்சாளின் கலியாணத்துக்குப் போட்ட இரண்டு நாளும் இந்த 7இல்தான் போயிருக்கும். காய்ச்சலுக்கு மிச்சம் நாலு.

வீட்டில் அரச உத்தியோகத்தர் ஒருவர் இருந்தால் குழப்பம் கூடும். அவருக்குத் தாபன விதிக்கோவைப்படி (அரச ஊழியருக்கான சேவை விதிகள்) 21 நாள் கேசுவல், 24 நாள் ஓய்வு லீவு, மொத்தம் 45. அந்தக் கணக்கை வைத்துக்கொண்டு உங்கள் முதலாளியோடு வாதாடினால் முதல் கேள்வியிலேயே தோற்றுப்போவீர்கள்.

முதல் வருடம்: இரண்டு மாதத்துக்கு ஒன்று

சேர்ந்த அன்றே 7 நாளும் கைக்கு வராது. முதல் வருடத்தில் முழுதாக முடித்த ஒவ்வொரு இரண்டு மாதத்துக்கும் ஒரு நாள் என்றுதான் சேரும். மார்ச் 10 சேர்ந்தவருக்கு மே 10இல் முதல் நாள், ஜூலை 10இல் இரண்டாவது, செப்டம்பர் 10இல் மூன்றாவது, நவம்பர் 10இல் நாலாவது. ஏப்ரலில் படுத்தால் கையில் ஒன்றுமில்லை. அது நோ பே, அதாவது சம்பளமில்லாத லீவு. ஒன்றரை மாதம் முடித்துவிட்டேன், அரை நாளாவது தாருங்கள் என்று கேட்கவும் வழியில்லை. முழு 7 எந்தத் திகதியிலிருந்து என்பதைச் சேரும்போதே எழுத்தில் கேட்டு வையுங்கள். பல அலுவலகங்கள் அடுத்த ஜனவரி 1ஐ வைத்துக் கணக்குப் பார்க்கின்றன. சில, சேர்ந்த திகதியிலிருந்து 12 மாதம் எண்ணுகின்றன.

வருடாந்த லீவு வேறு பை. அது 14 நாள். முதல் வருட உழைப்புக்கு உரியது அடுத்த வருடம்தான் கிடைக்கும், அதன் அளவைச் சேர்ந்த திகதி தீர்மானிக்கும். ஜனவரி 1இலிருந்து மார்ச் 31க்குள் சேர்ந்தவருக்கு 14. ஏப்ரல் 1இலிருந்து ஜூன் 30க்குள் என்றால் 10, ஜூலை 1இலிருந்து செப்டம்பர் 30க்குள் 7, ஒக்டோபர் 1இலோ அதற்குப் பிறகோ என்றால் 4. ஆகவே "ஏப்ரல் முதலாம் திகதி வந்து சேருங்கோ" என்று அழைத்தால், முடியுமானால் மார்ச் 30இல் சேரக் கேளுங்கள். இரண்டு நாள் முந்தினால் நாலு நாள் லாபம். பெரும்பாலும் யாரும் இதைக் கேட்பதில்லை, ஆனால் கேட்டால் மறுக்கவும் பெரிதாகக் காரணமிருக்காது.

சட்டத்துக்கு மேலே: நியமனக் கடிதம்

சில நிறுவனங்கள் 7 கேசுவலுக்கு மேலே தனியாக மெடிக்கல் லீவும் கொடுக்கின்றன. அது ஒப்பந்தத்தால் வருவது. நியமனக் கடிதத்திலோ ஊழியர் கைநூலிலோ எழுதியிருந்தால் உரிமை, இல்லாவிட்டால் முகம் பார்த்துக் கொடுக்கும் சலுகை. கடிதத்தில் நாலு விடயம் பாருங்கள்: மெடிக்கல் லீவு எத்தனை நாள், தகுதிகாண் காலத்திலும் உண்டா, எத்தனையாவது நாளிலிருந்து மெடிக்கல் சான்றிதழ் வேண்டும், மிஞ்சினால் அடுத்த வருடத்துக்குப் போகுமா. நாலாவதற்குப் பதில் எழுதியிருக்காவிட்டால் போகாது என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

அட்டென்டன்ஸ் அலவன்ஸ் என்ற வரியையும் வாசிக்க வேண்டும். சம்பளம் வெட்டாமல் லீவு தந்துவிட்டு, இந்தக் கொடுப்பனவை மட்டும் நிறுத்துவது பல கடைகளின் வழமை. லீவுச் சண்டை என்று வருபவற்றில் கணிசமானவை உண்மையில் இந்த வரியைப் பற்றிய சண்டைகள்.

படுத்த அன்று செய்ய வேண்டியது

வேலை தொடங்குமுன் மேலாளருக்கு வாட்ஸ்அப்பிலோ எஸ்எம்எஸ்ஸிலோ அறிவியுங்கள். கோல் எடுத்துச் சொன்னாலும் பின்னால் ஒரு வரி எழுத்தில் அனுப்புங்கள்: "இன்று காய்ச்சல், வேலைக்கு வர முடியாது, கேசுவல் லீவில் போடவும்." எந்த லீவு என்று நீங்கள் குறிப்பிடாவிட்டால், எதில் கழிப்பது என்பதைக் கணக்குப் பகுதி தன் வசதிக்கு முடிவு செய்யும்.

அதிகம் பிழை நடக்கும் இடம் மெடிக்கல் சான்றிதழ்தான். முதல் இரண்டு நாளும் பனடோலும் கொத்தமல்லித் தண்ணியுமாகக் கழியும். மூன்றாம் நாள் டொக்டரிடம் போனால் சான்றிதழ் அன்றைய திகதியிலிருந்துதான் தொடங்கும். முன்னைய இரண்டு நாளுக்கும் ஆதாரமில்லை. முதல் நாளே பக்கத்து ஆஸ்பத்திரியின் வெளிநோயாளர் பிரிவுக்குப் போய், திகதி போட்ட துண்டை எறியாமல் வைத்திருங்கள். சான்றிதழில் அடையாள அட்டையில் உள்ளபடி பெயர், எத்தனையாம் திகதியிலிருந்து எத்தனையாம் திகதி வரை ஓய்வு, டொக்டரின் பதிவு இலக்கம், முத்திரை, கையொப்பம் எல்லாம் இருக்க வேண்டும். பெயர்தான் வில்லங்கம். அலுவலகத்தில் தகப்பன் பெயரின் முதலெழுத்து, ஆஸ்பத்திரி அட்டையில் புருசன் பெயர் என்றிருந்தால் "இது உங்கட மெடிக்கலா?" என்று திருப்பி அனுப்புவார்கள். பதியும்போதே அடையாள அட்டையை நீட்டுங்கள்.

வார்டில் மறித்தால் வீட்டுக்கு விடும்போது டயக்னோசிஸ் காட் (நோய் விபரம் எழுதிய அட்டை) தருவார்கள். மூலத்தை அலுவலகத்தில் கொடுத்துவிடாதீர்கள், கிளினிக்குக்கு அது வேண்டும். போட்டோக் கொப்பி கொடுத்து, வாங்கியவரின் கையெழுத்தை உங்கள் கொப்பியில் எடுங்கள்.

படுத்த நாட்களுக்கு நடுவே போயா வந்தாலோ உங்கள் வாராந்த ஓய்வு நாள் வந்தாலோ (காத்தான்குடி, கல்முனைப் பக்கம் பல கடைகளுக்கு அது வெள்ளி) அதைக் கேசுவலில் கழிக்க விடாதீர்கள். அது ஏற்கனவே உங்களுக்குரிய விடுமுறை.

7உம் முடிந்தால்

முதலில் வருடாந்த லீவில் மாற்றித் தரும்படி எழுத்தில் கேளுங்கள். முதலாளி ஒத்துக்கொண்டால் சம்பளம் தப்பும். இல்லாவிட்டால் நோ பே. அப்போது எதால் வகுக்கிறார்கள் என்று பாருங்கள். 45,000 ரூபாய் சம்பளத்தை 30ஆல் வகுத்தால் ஒரு நாளுக்கு 1,500, 26ஆல் வகுத்தால் ஏறக்குறைய 1,731. வெட்டும்போது 26, எடுக்காத லீவுக்குக் காசு தரும்போது 30 என்று நடந்தால் கேள்வி கேட்க வேண்டும்.

பலருக்குத் தெரியாத இன்னொரு வெட்டும் உண்டு. வாராந்த ஓய்வான ஒன்றரை நாளுக்குச் சம்பளம் கிடைக்க, ஓவர்டைம் சேர்க்காமல் அந்தக் கிழமையில் 28 மணித்தியாலமாவது வேலை செய்திருக்க வேண்டும். கிழமைக்கு 45 மணித்தியாலம் என்ற வழக்கமான கணக்கில் இரண்டு முழு நாள் நோ பே போனால் மிச்சம் 29, தப்பிவிடும். மூன்று நாள் போனால் 21. மூன்று நாளுக்கு வெட்டியிருப்பார்கள் என்று நினைத்துச் சம்பளத் துண்டைப் பார்த்தால் அதைவிடக் கூட வெட்டியிருக்கலாம். கேசுவலில் ஒரு நாள் மிச்சமிருக்கையில் இப்படி நடந்தால் இரட்டை நட்டம்.

சம்பளத்தோடு எடுத்த லீவு நாட்களுக்கும் ஈபிஎஃப் என்ற ஊழியர் சேமலாப நிதி (உங்கள் 8, முதலாளியின் 12 வீதம்), ஈடிஎஃப் என்ற ஊழியர் நம்பிக்கை நிதி 3 வீதம் கட்டப்பட வேண்டும். வேலைத்தலத்தில் அடிபட்டால் கதை வேறு. அரிசி ஆலையின் பெல்ட்டில் கை அகப்பட்டதைக் கேசுவலில் கழித்து மூடப் பார்ப்பார்கள். அதற்கு 1934ஆம் ஆண்டின் தொழிலாளர் நட்டஈட்டுச் சட்டம் இருக்கிறது. விபத்தை அன்றே எழுத்தில் பதியச் செய்யுங்கள். ஆலை, ஆடைத் தொழிற்சாலை ஊழியர்கள் பெரும்பாலும் தொழில்வாரியாகச் சம்பளமும் லீவும் தீர்மானிக்கும் சம்பளச் சபைகளின் கீழ் வருவார்கள். அங்கே விதி சபைக்குச் சபை மாறும் என்பதால், இங்கே சொன்ன 7 நாள் கணக்கைத் தமக்கும் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

டிசம்பருக்கு மிச்சம் வையுங்கள்

கேசுவல் சேமிப்பாகாது. டிசம்பர் 31இல் மிஞ்சியது போய்விடும், காசாகவும் வராது. அதனால் பலர் நவம்பரிலேயே "வீணாகப் போகுது" என்று எடுத்து முடித்துவிடுகிறார்கள். நம் பக்கம் மாரி மழை கொட்டுவதும் அப்போதுதான், டெங்கு பரவுவதும் அப்போதுதான். டெங்கு வந்தால் ஒரு கிழமை நிச்சயம் போகும். ஒக்டோபர் தொடங்கும்போது குறைந்தது மூன்று கேசுவல் கையில் இருக்கட்டும். கலியாணம், கோயில், உம்ரா வழியனுப்பல் போல முன்கூட்டியே தெரிந்தவற்றை வருடாந்த லீவில் போடுங்கள். அந்த 14இல் 7 நாளையாவது தொடராக எடுக்கத் தர வேண்டும் என்பதும் சட்டம். வேலையை விடும்போது எடுக்காத வருடாந்த லீவுக்குரிய காசைக் கேட்டு வாங்குங்கள்.

நீண்ட நாள் சுகயீனத்தில் பேசாமல் இருப்பதுதான் ஆபத்து. அறிவிப்பில்லாமல் போனால் வேலையைக் கைவிட்டதாகக் கடிதம் வரும். வந்தால் அதில் குறித்த திகதிக்குள் மெடிக்கலின் பிரதியோடு பதிவுத் தபாலில் பதில் போட்டு, தபால் கந்தோர் பற்றுச்சீட்டை வைத்திருங்கள். பேசித் தீராவிட்டால் மட்டக்களப்பிலோ அம்பாறையிலோ உள்ள தொழில் அலுவலகத்தில் எழுத்து முறைப்பாடு கொடுக்கலாம். நியமனக் கடிதம், சம்பளத் துண்டுகள், ஈபிஎஃப் இலக்கம், லீவு கேட்ட மெசேஜ்களின் பிரின்ட் எல்லாவற்றிலும் இரண்டு பிரதி கொண்டுபோங்கள். ஒன்றில் வாங்கிய முத்திரை குத்தி உங்களிடமே திருப்பித் தரச் சொல்லுங்கள்.