பழைய சைடர் ஆப்பிள் ரகத்தைக் காப்பாற்ற ஒரு குச்சி போதும்

ஆப்பிள் சாற்றைப் புளிக்கவைத்துச் செய்யும் மதுவான சைடருக்கென்றே வளர்த்த பழைய ஆப்பிள் மரம் எங்காவது தனியாக நின்றால், அதன் விதையை எடுத்து விதைக்காதீர்கள். விதையில் வரும் கன்று தாய்மரம் மாதிரி இருக்காது. அதே ரகம் வேண்டுமென்றால் ஒட்டுக்கட்டுவதுதான், அதாவது அதன் குச்சியை வேறொரு ஆப்பிள் கன்றில் பொருத்தி வளர்ப்பதுதான், வழி.

குளிர்காலத்தில், மொட்டு விழிக்கும் முன், கடந்த பருவத்தில் வளர்ந்த பென்சில் கனமுள்ள குச்சிகளை வெட்டுங்கள். ஈரத்துணியில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் போட்டு ஃபிரிட்ஜில் வைத்தால் வசந்தகாலம் வரை தாங்கும். ஆனால் அதே ஃபிரிட்ஜில் ஆப்பிள் பழம் வேண்டவே வேண்டாம்! பழம் விடும் எத்திலீன் வாயு மொட்டுகளைப் பாழாக்கிவிடும்.

சரி, எந்த மரம் தேறும்? பழத்தைக் கடித்துப் பாருங்கள். நாக்கு வறண்டு துவர்த்தால் நல்ல சகுனம். அந்தத் துவர்ப்பைத் தரும் டானின் என்ற பொருள்தான் சைடருக்குத் திடம் தருவது. இங்கிலாந்தின் லாங் ஆஷ்டன் ஆய்வு நிலையம் வகுத்த முறைப்படி, சாற்றில் டானின் 0.2 சதவீதத்துக்கு மேலும் அமிலம் 0.45 சதவீதத்துக்குக் கீழும் இருந்தால் இனிப்புத் துவர்ப்பு வகை. டாபினெட் ரகம் அப்படி. அமிலமும் கூடினால் புளிப்புத் துவர்ப்பு, கிங்ஸ்டன் பிளாக் போல. கிங்ஸ்டன் பிளாக் தனியாகவே நல்ல சைடர் தரும். மற்ற பல ரகங்கள் கலந்தால்தான் எடுபடும்.