தோப்பூர் ஏன் தேடலில் வருவதில்லை? டெஸ்க்டாப் செயலியில் தமிழ்த் தேடலைச் சரிசெய்வது

பெயர், ஊர், நிலுவை என்று ஒரு கடன் கணக்குச் செயலி செய்கிறீர்கள். மூதூர் என்று தேடினால் வருகிறது, கிண்ணியா வருகிறது, நிலாவெளியும் வருகிறது. தோப்பூர் என்று அடித்தால் மட்டும் பாதிப் பேரைக் காணவில்லை, திருகோணமலைக்கும் அதே கதி. பட்டியலை உருட்டிப் பார்த்தால் அந்தப் பாதிப் பேரும் அங்கேதான் இருக்கிறார்கள், ஊர் தோப்பூர் என்றுதான் போட்டிருக்கிறது, எழுத்துப் பிழையும் இல்லை. சென்ட்ரல் ரோட்டில் ஹார்ட்வெயார் கடை வைத்திருக்கும் அண்ணா ஒருவருக்குச் செய்து கொடுத்த செயலியில் இதைத்தான் சரி செய்தேன். கடைக்காரருக்கு இது சின்ன விஷயம் இல்லை. தேடிய பெயர் திரையில் வராவிட்டால் அந்த ஆளுக்குக் கடன் இல்லை என்று நினைத்து மறுபடியும் சாமான் கொடுத்துவிடுவார்.

பைத்தானும் எஸ்க்யூலைட்டும் வைத்து ஒரு ஜன்னலைத் திறந்து, டேபிளில் எழுதி வாசிக்கும் வரை வந்துவிட்டீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன். ஜன்னலுக்கு நான் சொல்வது பைசைட்6 தான். டிகிண்டர் பைத்தானோடு சேர்ந்தே வருகிறது, விண்டோஸில் தமிழும் ஒழுங்காகக் காட்டும், ஆனால் லினக்ஸில் கொம்பைப் போட வேண்டிய இடத்தில் போடாது. பைசைட்டுக்கு அடியில் இருக்கும் க்யூடி, ஹார்ஃப்பஸ் என்ற நூலகத்தை வைத்து எழுத்தைக் கோர்க்கிறது, எல்லா இடத்திலும் ஒரே மாதிரி வரும். எழுத்துருவுக்கு நிர்மலா யூஐ போதும், விண்டோஸ் 8இல் இருந்து கூடவே வருகிறது.

படி 1: கண்ணை நம்பாமல் எண்ணைப் பாருங்கள்

டேட்டாபேஸில் இருந்து தேடலில் வராத ஒரு தோப்பூரை எடுத்து, பைத்தானின் லென் ஃபங்ஷனில் போடுங்கள், சொல்லில் எத்தனை குறி என்று அது சொல்லும். 8 வர வேண்டும். 9 வந்தால் பிடித்துவிட்டீர்கள். அடுத்து ஓர்ட் ஃபங்ஷனால் ஒவ்வொரு குறியின் எண்ணையும் வரிசையாக அச்சிடுங்கள். சரியான தோப்பூர் 2980, 3019 என்று தொடங்கும். மற்றது 2980, 3015, 3006 என்று தொடங்கும்.

2980 என்பது த. 3019 என்பது ஓகாரக் குறி, முன்னாலும் பின்னாலும் நிற்கிற அந்த இரண்டு துண்டும் சேர்ந்து ஒரே குறி. 3015 ஏகாரக் கொம்பு, 3006 கால். யூனிகோட்டில் தோ என்பதை இரண்டு விதமாகவும் எழுதலாம், இரண்டும் செல்லும், திரையில் இரண்டும் ஒன்றே. சில விசைப்பலகைகள் ஒன்றாக அனுப்பும், சில இரண்டு துண்டாக அனுப்பும். யூனிகோட்டுக்கு முந்தைய பாமினி எழுத்துருவில் அடித்த பழைய பட்டியலை மாற்றித் தரும் கன்வெர்ட்டர்களிலும் துண்டாகத் தருபவை உண்டு. எஸ்க்யூலைட் பைட்டை பைட்டோடுதான் ஒப்பிடுகிறது, அதற்கு இவை இரண்டு வேறு ஊர்.

மூதூரும் கிண்ணியாவும் ஏன் தப்பின என்பது இதிலிருந்து தெரியும். இந்த இரட்டை வடிவம் ஒ, ஓ, ஔ வரிசையில் மட்டும்தான் இருக்கிறது. ஆகவே சோதிக்கும்போது மூதூரை வைத்துச் சோதிக்காதீர்கள், எப்போதும் வெற்றிதான் காட்டும். தோப்பூர், திருகோணமலை, கொழும்பு, இந்த மூன்றையும் இரண்டு வடிவத்திலும் எழுதி ஒரு சோதனைப் பைலாக வைத்துக்கொள்ளுங்கள்.

படி 2: ஒரே ஒரு ஃபங்ஷன்

யூனிகோட்டேட்டா என்ற மாட்யூல் பைத்தானிலேயே இருக்கிறது, தனியாக எதுவும் நிறுவ வேண்டாம். அதில் நார்மலைஸ் என்ற ஃபங்ஷனுக்கு முதலில் என்எஃப்சி என்றும் அடுத்து உங்கள் சொல்லையும் கொடுத்தால் துண்டுகள் ஒட்டி ஒன்றாக வரும். இதைச் சுற்றி நீங்களே ஒரு சின்ன ஃபங்ஷன் எழுதி அதற்கு ‘சீராக்கு’ என்று பெயர் வையுங்கள். உள்ளே மூன்று வேலை: என்எஃப்சி செய், 8203, 8204, 8205 என்ற எண்ணுள்ள கண்ணுக்குத் தெரியாத குறிகளை நீக்கு, முன் பின் இடைவெளியை ஸ்ட்ரிப் செய். வரியை ஒட்டாமல் கையாலேயே அடியுங்கள், நாலு வரிதான், அப்போதுதான் என்ன நடக்கிறது என்று மனதில் நிற்கும்.

எங்கே கூப்பிடுவது? செயலிக்குள் எழுத்து நுழைகிற ஒவ்வொரு வாசலிலும். சேமிக்கும் பொத்தான், தேடல் பெட்டி, எக்செலில் இருந்து இறக்கும் இடம், இந்த மூன்றும் போதும். தேடும்போது மட்டும் இரண்டு பக்கத்தையும் சீராக்கி ஒப்பிட்டால் போதாதா என்று கேட்பார்கள். அப்படிச் செய்தால் ஒவ்வொரு தேடலுக்கும் டேபிள் முழுக்க ஓட வேண்டும், நீங்கள் போட்ட இண்டெக்ஸ் வீண். உள்ளே போவதே சுத்தமாகப் போகட்டும்.

படி 3: ஏற்கனவே உள்ளே இருப்பது

என்னை அதிகம் சுற்ற விட்டது இந்தப் படிதான், ஆகவே நின்று நிதானமாகப் பாருங்கள்.

முதலில் செயலியை மூடிவிட்டு டேட்டாபேஸ் பைலைப் பிரதி எடுங்கள். பிறகு ஒரு தனி ஸ்கிரிப்டில் எல்லாப் பெயரையும் ஊரையும் வாசித்து, சீராக்கித் திரும்ப எழுதுங்கள் என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். எழுதத் தொடங்கியதும் இன்டெக்ரிட்டி எரர் என்று நின்றுவிடும். காரணம் இதுதான்: ஊர்களுக்குத் தனி டேபிள் வைத்து, அதில் பெயர் யுனீக்காக, அதாவது ஒரே பெயர் இரண்டு முறை வராமல், இருக்க வேண்டும் என்று விதி போட்டிருப்பீர்கள், அங்கே இதுவரை இரண்டு தோப்பூர் சண்டையில்லாமல் இருந்தன, ஒன்றைச் சீராக்கியதும் இரண்டும் ஒரே பெயராகி விதி மீறப்படுகிறது. இப்போது யுனீக் விதியை எடுத்துவிடலாம் என்று கை போகும். எடுக்காதீர்கள். ஒரே ஊர் இரண்டு முறை இருக்கிறது என்று உங்களிடம் சொல்வது அந்த விதி ஒன்றுதான்.

செய்ய வேண்டியது இப்படி. ஊர்களை எல்லாம் வாசித்து, சீராக்கிய வடிவத்தைச் சாவியாக வைத்து ஒரு டிக்ஷனரியில் ஐடிகளைச் சேருங்கள். ஒரு சாவிக்குக் கீழே இரண்டு ஐடி வந்தால் சிறியதை வைத்துக்கொண்டு, மற்ற ஐடியைக் காட்டுகிற வாடிக்கையாளர் எல்லோரையும் முதலில் இந்த ஐடிக்கு மாற்றுங்கள், அதன் பிறகு அந்த வெறும் ஊரை அழியுங்கள், கடைசியாகத்தான் பெயரைச் சீராக்குங்கள். வரிசை மாறினால் ஊர் இல்லாத வாடிக்கையாளர்கள் மிஞ்சுவார்கள். எல்லாவற்றையும் ஒரே டிரான்சாக்ஷனுக்குள் வையுங்கள், நடுவில் நின்றால் பழைய நிலைக்கே போய்விடும்.

வாடிக்கையாளர் பெயரில் இதே மாதிரி இரட்டை வந்தால் மட்டும் தானாக ஒட்ட விடாதீர்கள். ஒரே பெயரில் இரண்டு பேர் உண்மையாகவே இருக்கலாம், இருவருக்கும் நிலுவை இருக்கலாம். பட்டியலை அச்சிட்டுக் கடைக்காரர் கையில் கொடுத்தால் அவர் பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிடுவார். முடிந்ததும் டிபி பிரௌசரில் திறந்து ஒருமுறை கண்ணால் பாருங்கள், எஸ்க்யூலைட்டுக்கு அதைவிட வசதியான கருவி எனக்குத் தெரியாது.

படி 4: எக்செல்

விண்டோஸில் பைலைத் திறக்கும்போது என்கோடிங் சொல்லாவிட்டால் பைத்தான் விண்டோஸின் பழைய குறிமுறையை எடுத்துக்கொள்ளும், அதில் தமிழ் கிடையாது. 3.15 பதிப்பில் இருந்து யூடிஎஃப்-8 இயல்பாகிறது, அதை நம்பி இருக்காமல் எப்போதும் நீங்களே எழுதுங்கள். எக்செல் திறக்கப்போகிற சிஎஸ்வி என்றால் யூடிஎஃப்-8 போதாது, யூடிஎஃப்-8-சிக் என்று கொடுக்க வேண்டும். அது பைலின் தலையில் ஓர் அடையாளக் குறியை வைக்கும், அதைப் பார்த்துத்தான் எக்செல் தமிழ் என்று புரிந்துகொள்ளும். வாசிக்கும்போதும் அதே சிக்கைக் கொடுங்கள். இல்லாவிட்டால் அந்தக் குறி முதல் தலைப்போடு ஒட்டிக்கொள்ளும், ‘பெயர்’ என்ற கட்டத்தைக் கேட்டால் கீ எரர் வரும். அச்சிட்டுப் பார்த்தால் ‘பெயர்’ என்றே இருக்கும். முதல் குறியின் எண் 65279 என்றால் அதுதான். பைலைத் திறக்கும் ஓபன் ஃபங்ஷனில் நியூலைன் என்ற இடத்தில் வெற்றுச் சொல்லைக் கொடுக்கவும் மறக்க வேண்டாம், இல்லையென்றால் ஒவ்வொரு வரிக்கும் நடுவில் ஒரு வெற்று வரி வரும்.

பின்னர் சேர்த்தது

மூதூரில் இருந்து ஒரு தம்பி எழுதியிருந்தார், எல்லாம் செய்தும் மௌலவி என்று தேடினால் சிலர் வரவில்லையாம். அனுப்பிய பெயரைப் பார்த்தால் ஔகாரத்துக்குப் பதிலாக எகரக் கொம்பு போட்டுப் பின்னால் ள என்ற எழுத்தையே அடித்திருக்கிறார்கள். பார்வைக்கு ஒன்று, ஆனால் என்எஃப்சிக்கு அது வேறு சொல், தொடாது. எகரமும் ளகரமும் சேர்ந்து வந்தால் எல்லாம் ஔ ஆக்கு என்று விதி எழுதிவிடாதீர்கள், வெள்ளைமணல் என்ற ஊரே கெட்டுப் போகும். மௌலவி, கௌரி, சௌந்தரம் மாதிரி வரக்கூடிய சொற்களை ஒரு சின்னப் பட்டியலாக வைத்து அவற்றை மட்டும் மாற்றுங்கள். ஸ்ரீயும் இதே வகை. 3000 என்ற எண்ணுள்ள ஸ வைத்தும் எழுதுகிறார்கள், 2998 என்ற எண்ணுள்ள ஶ வைத்தும் எழுதுகிறார்கள். அங்கே பயமில்லாமல் ஸ்ரீ என்ற எழுத்து முழுவதையும் ஒரு வடிவத்தில் இருந்து மற்றதாக மாற்றலாம், சீராக்கு ஃபங்ஷனிலேயே ஒரு வரி சேர்த்துவிடுங்கள்.

பிடிஎஃபில் இருந்து நகலெடுத்த பெயர்களைப் பற்றியும் கேட்டார்கள். பல பிடிஎஃப்களில் கொம்பு எழுத்துக்கு முன்னாலேயே வந்து நிற்கும், என்எஃப்சி அதைச் சரிசெய்யாது. ஐம்பது அறுபது பெயர் என்றால் கையால் அடித்துவிடுவதுதான் சுகம்.

அப்புறம் ரசீது. சின்னத் தெர்மல் பிரிண்டருக்கு எழுத்தாக அனுப்பினால் தமிழ் கேள்விக்குறியாகத்தான் வரும், பெரும்பாலான பிரிண்டர்களுக்குள் தமிழ் இல்லை. படமாக வரைந்து அனுப்ப வேண்டும். பில்லோ என்ற பைத்தான் பட நூலகத்தில் வரைபவர்கள், எழுத்தைக் கோர்க்கும் ராக்ம் அதோடு இருக்கிறதா என்று முதலில் பாருங்கள், அது இல்லாமல் வரைந்தால் கொம்பு இடம் மாறும். ஏற்கனவே பைசைட் இருக்கிறது என்றால் அந்தச் சோலி எதற்கு, அதிலேயே வரைவதற்கு இருக்கும் க்யூபெயின்டரில் ஒரு க்யூஇமேஜ் (படம்) மேல் எழுதுங்கள், திரையில் எப்படித் தெரிகிறதோ தாளிலும் அப்படியே வரும்.