ஸ்பா பரிசுக்கூடையா? பாதத்துக்கு மட்டும் போடுங்கள்

வீட்டில் ஸ்பா பரிசுக்கூடை தயாரிக்கிறீர்களா? கண்டதையும் திணிக்காமல் பாதத்துக்கு மட்டும் போடுங்கள்: காலை ஊறவைக்கும் தண்ணீரில் கரைக்க எப்சம் உப்பு (மெக்னீசியம் சல்பேட்), குதிகால் தேய்க்கும் கல், பருத்திக் காலுறை, தோலில் தேய்த்துக் கழுவ ஒரு டப்பா சர்க்கரை ஸ்க்ரப். முகத்துக்கான கிரீம் என்றால் ஒத்துக்கொள்ளுமோ என்ற தயக்கத்திலேயே அலமாரியில் கிடக்கும். காலை ஊறவைக்க பாத்டப் வேண்டாம், வாளியும் வெதுவெதுப்பான தண்ணீரும் போதும்.

ஸ்க்ரப்புக்கு 2 பங்கு சர்க்கரை, 1 பங்கு தேங்காய் எண்ணெய். தண்ணீர் ஒரு சொட்டுகூடக் கூடாது; ஈரம் பட்டால்தான் கிருமி வளரும். ஈரக்கையை உள்ளே விடாமலிருக்க ஒரு மரக்கரண்டியும் வையுங்கள். அப்புறம், எண்ணெய் பட்டால் தரை வழுக்கும் என்று டப்பாமேல் எழுதி ஒட்டிவிடுங்கள்.

சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கும், காலில் புண்ணோ வெடிப்போ இருப்பவர்களுக்கும் இந்தக் கூடை சரிவராது.